ஆச்சியைத் தமிழ் சினிமா வீணடித்துவிட்டதா? (இணையத் திரி ஒன்றில் புனைபெயர்களில் நடந்த விவாதம்)

இடைவேளை:
போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் ‘சின்ன கவுண்டர்’ ஓடிக்கொண்டிருந்தது. பல் எடுப்பாக வைத்துக்கொண்டு விஜயகாந்தின் அம்மாவாக ஆச்சி மனோரமா வந்தார். பத்தாவது படிக்கும் என் மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இந்தப் பாட்டி எல்லாப் படத்திலும் கத்திக்கிட்டேதான் இருப்பாங்களாப்பா?” என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ‘தில்லானா மோகனாம்பாள்’ பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் அவளுக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஆச்சியைப் பற்றி யார் பேசினாலும் மூன்று விஷயம்தான் வரும். ஆயிரம் படம், கின்னஸ், ஐந்து முதல்வர்களோடு நடித்தவர். பாராட்டு விழாவிலும் இதுதான், 2015 அக்டோபரில் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளிலும் இதுதான். எல்லாமே எண்ணிக்கை. அந்த ஆயிரத்தில் கதை அவருடையதாக இருந்த படம் எத்தனை? 1963-ல் ‘கொஞ்சும் குமரி’ படத்தில் கதாநாயகி. அப்புறம்? அவரோடு சேர்ந்து சிரிக்க வைத்த நாகேஷுக்கு 1964-ல் ‘சர்வர் சுந்தரம்’, 65-ல் ‘நீர்க்குமிழி’, 68-ல் ‘எதிர் நீச்சல்’ கிடைத்தன. ஆச்சிக்குக் கிடைத்தது மூக்கைச் சிந்தும் அம்மா வேஷம். ஆயிரம் படம் என்பதைச் சாதனை என்று நீங்கள் சொல்கிறீர்கள். தமிழ் சினிமாவின் மீது போட வேண்டிய வழக்கு என்று நான் சொல்கிறேன்.

செட்டிநாட்டான்:
வழக்குப் போடுவதற்கு முன்னால் அவர் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள் சார். பிறந்தது மன்னார்குடியில், 1937. அப்பா விட்டுவிட்டுப் போனதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா எங்கள் பக்கம், பள்ளத்தூருக்கு வந்துவிட்டார். வீட்டு வேலை செய்த பிள்ளை. நல்லாப் பாடும் என்பதால் நாடகத்தில் ஏற்றினார்கள், ‘பள்ளத்தூர் பாப்பா’ என்று பெயர் எடுத்தது. கோபிசாந்தா மனோரமா ஆனது நாடகக்காரர்கள் வைத்த பெயரால். எங்கள் ஊரில் ஆச்சி என்பது சும்மா வாயில் வருகிற சொல் இல்லை, மரியாதைப்பட்ட வீட்டுப் பெண்களைக் கூப்பிடுவது. பத்துப் பாத்திரம் தேய்த்த வீட்டுப் பிள்ளையைத் தமிழ்நாடே அப்படிக் கூப்பிட்டது. இதற்குப் பெயர் வீணடிப்பா?

இன்னொன்று. 1958-ல் கண்ணதாசன் ‘மாலையிட்ட மங்கை’ எடுத்தபோது காமெடி வேஷத்துக்குத்தான் கூப்பிட்டார். நாடகத்தில் கதாநாயகியாக நடித்துக்கொண்டிருந்தவருக்கு மனசு வரவில்லை. கவிஞர்தான் வற்புறுத்தி நடிக்க வைத்தார். கதாநாயகி என்றால் நாலைந்து வருடம், காமெடி என்றால் காலத்துக்கும் நிற்கலாம் என்கிற கணக்கு. அவர் கணக்கு பலித்ததா இல்லையா?

இடைவேளை:
பலித்தது. அதைத்தான் நானும் சொல்கிறேன். கதாநாயகியாக வந்திருந்தால் நாலு வருடத்தில் மூட்டை கட்டி அனுப்பியிருப்பார்கள் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. அது அவருடைய சாமர்த்தியத்துக்குச் சான்று. தமிழ் சினிமாவின் யோக்கியதைக்கும் சான்று.

கணக்குப்பிள்ளை:
எனக்கு இந்த ஆயிரமே இடிக்கிறது. ஒரு பத்திரிகை ஆயிரம் என்கிறது, இன்னொன்று 1,200, மற்றொன்று 1,500. அவர் நடித்தது கிட்டத்தட்ட 55 வருடம். ஆயிரம் என்றே வைத்தாலும் வருடத்துக்கு 18 படம். 1,500 என்றால் 27. அதாவது அரை மாதத்துக்கு ஒரு படம், அரை நூற்றாண்டுக்கு. யாராவது பட்டியல் போட்டு எண்ணியிருக்கிறார்களா?

ரீல்பெட்டி:
எண்ணுவது கஷ்டம் அண்ணே, ஆனால் நடக்காத விஷயம் இல்லை. காமெடி நடிகர்களுக்கு ஒரு படம் என்றால் நாலு நாள், ஐந்து நாள் கால்ஷீட்தான். அந்தக் காலத்தில் கதை ஒரு பக்கம் போகும், காமெடி ட்ராக் தனியாக ஒரு பக்கம் போகும். ஹீரோ வேறு ஊரில் டூயட் பாடிக்கொண்டிருப்பார், இங்கே கோடம்பாக்கத்தில் ஒரே செட்டில் காமெடியை மொத்தமாக எடுத்து முடித்துவிடுவார்கள். காலையில் ஒரு படம், மதியம் ஒரு படம், ராத்திரி ஒரு படம் என்று ஓடியவர்கள் இருந்தார்கள்.

என் அப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். சின்ன வயதில் ப்ரொஜெக்டர் ரூமில்தான் எனக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம். ஒரே ப்ரொஜெக்டர், அதனால் ரீல் மாற்றும்போதெல்லாம் சின்ன இடைவேளை. ஆம்பிளைகள் பீடி பிடிக்க வெளியே போய்விடுவார்கள். அடுத்த ரீல் ஓட ஆரம்பித்ததும் சோகக் காட்சி என்றால் சாவகாசமாகத்தான் வருவார்கள். மனோரமா குரல் வெளியே கேட்டால் போதும், பாதி பீடியை மிதித்து அணைத்துவிட்டு ஓடி வருவார்கள். முகம்கூட வேண்டாம், குரலே போதும். அப்பா அந்த இடம் வந்தால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார். இதை எந்தக் கின்னஸிலும் எழுத மாட்டார்கள்.

நாடகக்காரி:
ரீல்பெட்டி தம்பி நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறார். நான் பதினைந்து வருடம் மேடையில் இருந்தவள், குரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

இடைவேளை சாரின் மகள் ‘கத்துறாங்க’ என்று சொன்னதில் தப்பில்லை, அவள் காதுக்கு அப்படித்தான் கேட்கும். மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டிய குரல் அது. அந்தக் குரலை ஆச்சி என்ன செய்தார் என்பதுதான் விஷயம். 1967-ல் ‘அனுபவி ராஜா அனுபவி’, அதில் தூத்துக்குடிப் பேச்சு. அடுத்த வருடம் ‘பொம்மலாட்டம்’, அதில் சோவோடு மெட்ராஸ் பாஷை. ‘வா வாத்தியாரே ஊட்டாண்ட’ பாட்டையும் அவரே சொந்தக் குரலில் பாடினார். வளர்ந்ததோ செட்டிநாட்டில். மெட்ராஸ்காரர்கள் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு இது நம்ம பேட்டைப் பொண்ணு என்றார்கள். சும்மா ‘இன்னா’, ‘கீது’ என்று சேர்த்துக்கொள்வது மெட்ராஸ் பாஷை ஆகாது. வார்த்தையின் கடைசியை எங்கே விழுங்குவது, எங்கே இழுப்பது என்று காதில் வாங்கியிருக்க வேண்டும். அந்தக் காது அவருக்கு இருந்தது.

அதே 68-ல்தான் ‘தில்லானா மோகனாம்பாள்’. அதில் ஆச்சி நடித்த ஜில்ஜில் ரமாமணி எத்தனை நிமிடம் வருகிறாள் என்று நினைக்கிறீர்கள்? சொற்பம்தான். எதிரே நாதஸ்வரக்காரராக சிவாஜி. நாடகக் கொட்டகைப் பெண் அவரிடம் நாயனத்தைப் பற்றி ஒரு வெள்ளந்திக் கேள்வி கேட்கிறாள். இந்தச் சத்தம் இந்த நாயனத்துக்கு மட்டும்தானா, எல்லா நாயனத்துக்கும் உண்டா என்கிற மாதிரி. அதைக் கேட்கும்போது முகத்தைப் பாருங்கள். நாம் சிரிக்க வேண்டும் என்கிற எண்ணமே அங்கே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாள். கண் நாயனத்தின் மேல் இருக்கிறது, உடம்பு ஆட்டக்காரியின் ஒயிலோடு நிற்கிறது, குரலில் மட்டும் ஒரு குழைவு. அந்தக் கலைஞன்மேல் அவளுக்கு ஒரு பிரமிப்பு, அதோடு கொஞ்சம் மயக்கமும். சிவாஜி அந்த இடத்தில் அடக்கி வாசிக்கிறார், எதிரே இருப்பவரை ரசிக்கிறார். காமெடியனுக்கு ஹீரோ விட்டுக்கொடுத்த சீன் என்று சிலர் சொல்வார்கள். விட்டுக்கொடுக்கிற நிலையிலெல்லாம் அங்கே யாரும் இல்லை.

படம் முழுக்க மோகனாவுடையது. ஆனால் பத்மினி பெயருக்குச் சமமாக ஜில்ஜில் பெயரும் நிற்கிறது. கதை யாருடையது என்பதை வைத்து நடிகையை அளக்கிற அளவுகோலே எனக்கு ஒப்பாது.

இடைவேளை:
மேடம், நீங்கள் எழுதிய மாதிரி ஒரு பத்தி ஆச்சி உயிரோடு இருந்தபோது எத்தனை பேர் எழுதினார்கள்? என் ஆதங்கமே அதுதான். ஆனால் அளவுகோல் விஷயத்தில் நான் விட மாட்டேன். ஜில்ஜில் 68-ல் வந்தாள். அப்போது அவருக்கு 31 வயது. அப்படி ஒரு நடிகை கையில் இருக்கும்போது அடுத்த இருபது வருடத்தில் அவரை நடுவில் நிறுத்தி ஒரு கதை எழுத யாருக்கும் தோன்றவில்லையே, ஏன்?

பின்வரிசை:
சார், ஒரு நிமிஷம். ‘பாட்டி சொல்லைத் தட்டாதே’ என்று ஒரு படம் இருக்கிறது. ஏவிஎம் எடுத்தது, 1988. பாண்டியராஜன், ஊர்வசி ஜோடி. ஆனால் தலைப்பே பாட்டிதான், படமும் பாட்டியோடதுதான். லீவு நாளில் டிவியில் போட்டால் இன்னும் எங்கள் வீட்டில் ரிமோட்டை யாரும் தொட மாட்டார்கள். நடுவில் நிறுத்திக் கதை எழுதவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இடைவேளை:
ஒப்புக்கொள்கிறேன், அது என் பட்டியலில் விடுபட்டுப்போனது. ஆனால் பார்த்தீர்களா தம்பி, நடுவில் வர அவர் பாட்டி ஆக வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு 51 வயது. அதே 88-ல் ‘உன்னால் முடியும் தம்பி’ படத்தில் கமலுக்கு அண்ணியாக நடித்தார். ஒரே வருடத்தில் ஒரு வீட்டில் அண்ணி, இன்னொரு வீட்டில் பாட்டி! என்ன கொடுத்தாலும் செய்வார் என்று தெரிந்துகொண்டார்கள், அதனால் எதை வேண்டுமானாலும் கொடுத்தார்கள்.

இன்னும் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். 1985-ல் ‘முதல் மரியாதை’. சிவாஜிக்கு 57 வயது நெருங்குகிறது. அந்த வயதில் ஒரு ஆணுக்கு வரும் காதலைப் பாரதிராஜா கவிதையாக எடுத்தார், நாம் எல்லோரும் கண் கலங்கினோம். 1990-ல் ‘நடிகன்’. மனோரமாவுக்கு 53. கல்யாணமே ஆகாத பேபியம்மாவுக்குக் கிழவர் வேஷத்தில் இருக்கும் சத்யராஜ்மேல் காதல் வருகிறது. தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது யோசித்தால், எதற்குச் சிரித்தோம்?

செட்டிநாட்டான்:
அது காமெடிப் படம் சார். காமெடிப் படத்தில் சிரிக்காமல் ஒப்பாரியா வைப்பார்கள்? சத்யராஜும்தான் அதில் கோமாளி மாதிரி விக் வைத்துக்கொண்டு திரிகிறார். எல்லாவற்றிலும் அநியாயத்தைத் தேடினால் ஒரு படமும் பார்க்க முடியாது.

நாடகக்காரி:
‘நடிகன்’ விஷயத்தில் இடைவேளை சார் சொன்னது பாதி சரி. எழுதினவர்கள் சிரிப்புக்காகத்தான் எழுதினார்கள், சந்தேகமில்லை. ஆனால் ஆச்சி அதை மட்டும் நடிக்கவில்லை. முதலில் விறைப்பாக, வீட்டையே அதட்டி வைத்திருக்கும் பெண். மனசு இளகினதும் அந்த விறைப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை. வெட்கப்படுகிறபோதுகூட யாராவது பார்த்துவிடுவார்களோ என்கிற ஜாக்கிரதை கூடவே இருக்கிறது. இத்தனை வருடம் பூட்டி வைத்த ஒருத்தியின் வெட்கம் அது. நான் மேடையில் வயதான வேஷம் கட்ட ஆரம்பித்த பிறகு அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். சிரிப்பு வந்தது, கூடவே தொண்டையையும் அடைத்தது. கேலிக்காக எழுதிய வேஷத்துக்குள் ஒரு ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார். இதற்குப் பிறகும் அவரைப் பாவம், பாவம் என்றே பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

பின்வரிசை:
ஆனால் ‘சின்ன தம்பி’யை என்ன செய்வது மேடம்? விதவை அம்மாவுக்குப் பூவும் பொட்டும் வைத்து ஊர் நடுவே அவமானப்படுத்துகிற க்ளைமாக்ஸ். அம்மா சொன்னார், 91-ல் தியேட்டரில் பார்த்தபோது பெண்கள் விம்மி விம்மி அழுதார்களாம். நான் போன் ஸ்க்ரீனில் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மகனுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காக அம்மாவை இவ்வளவு கேவலப்படுத்த வேண்டுமா? அதில் ஆச்சி நன்றாக நடிக்கிறார் என்பதுதான் இன்னும் சங்கடம்.

இடைவேளை:
கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொன்னால் கிழவன் புலம்பல் என்பீர்கள், இவர் இந்தத் தலைமுறை.

நாடகக்காரி:
‘சின்ன தம்பி’க்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அந்த மாதிரி வேஷங்கள் அவரைத் தேய்த்தன. 90-களில் வரிசையாக அம்மா, அம்மா, அம்மா. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒரு கேவல், அப்புறம் மகனுக்காக ஒரு சபதம். தூக்கத்தில்கூட அவர் செய்துவிடுவார், சில படங்களில் அப்படித்தான் செய்தும் இருக்கிறார். அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
எண்ணைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள், ஒரு எண் நான் சொல்கிறேன். தேசிய விருது ஒன்று. 1989 ‘புதிய பாதை’க்கு, சிறந்த துணை நடிகை. அது பார்த்திபனுக்கு இயக்குநராக முதல் படம். பெரிய கம்பெனிகளும் பெரிய இயக்குநர்களும் முப்பது வருடம் வைத்து வேலை வாங்கினார்கள், விருது வந்தது புதுசாக வந்த ஒருத்தர் கொடுத்த ஆயா வேஷத்துக்கு. இடைவேளை சார் கட்சிக்கு இது பலம் சேர்க்கிறதோ இல்லையோ, எனக்கு உறுத்துகிறது.

செட்டிநாட்டான்:
2002-ல் பத்மஸ்ரீ கொடுத்ததை ஏன் எண்ண மாட்டேன் என்கிறீர்கள்? நீங்கள் எடுத்ததற்கெல்லாம் நாகேஷ், நாகேஷ் என்கிறீர்களே, நாகேஷுக்கு எந்தப் பத்ம விருதும் கிடையாது. ஹீரோவாக நடித்தவருக்கு இல்லை, எங்கள் ஆச்சிக்கு உண்டு. அப்போது யாரை வீணடித்தார்கள்?

இடைவேளை:
ரெண்டு பேரையும்தான் அண்ணே! ஒருத்தருக்கு விருது இல்லை, ஒருத்தருக்கு வேஷம் இல்லை.

ரீல்பெட்டி:
அதென்ன வேஷம் இல்லை? ‘சம்சாரம் அது மின்சாரம்’ கண்ணம்மாவை எங்கே வைப்பீர்கள்? 1986. அந்த வீட்டில் அவள் வேலைக்காரி. முதலாளி குடும்பம் முழுக்க முழி பிதுங்கி நிற்கும்போது சம்பந்தியாக வரும் கிஷ்முவோடு மல்லுக்கு நிற்பது அவள்தான். விசுவையே ‘கம்முனு கெட’ என்று அடக்கிவிடுகிறாள். வீட்டு வேலை செய்த பிள்ளை என்று செட்டிநாட்டான் அண்ணன் சொன்னாரே, அந்தப் பிள்ளை திரையில் வந்து எஜமானனை வாயை மூடச் சொல்கிறது, தியேட்டர் கைதட்டுகிறது. எனக்கு ஹீரோயின் வேஷத்தைவிட அது பெரிசு.

பின்வரிசை:
இது நல்ல பாயிண்ட். எங்கள் வீட்டில் இன்றைக்கும் சண்டை வந்தால் அந்த வசனம்தான் பறக்கும். படம் வந்தபோது நான் பிறக்கவே இல்லை.

கணக்குப்பிள்ளை:
96 தேர்தலை யாரும் தொடவில்லையே? பிரசார மேடையில் ரஜினியைத் தாக்கிப் பேசினார், அதற்கப்புறம் படவாய்ப்பு குறைந்தது, கடைசியில் அதே ரஜினி 97-ல் ‘அருணாச்சலம்’ படத்தில் கூப்பிட்டு நடிக்க வைத்தார். ஆயிரம் படம் நடித்தவருக்கே ஒரு தேர்தலில் மார்க்கெட் ஆடிவிடும் என்றால், அந்த ஆயிரம் என்ன பாதுகாப்பைக் கொடுத்தது?

செட்டிநாட்டான்:
அரசியலை இழுத்தால் இந்தத் திரியையே பூட்டிவிடுவார்கள். வேண்டாம் சாமி.

இடைவேளை:
அரசியலை விடுங்கள், ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி என்னுடையது மாதிரியே இருக்கிறது. 1964-ல் கல்யாணம், ரெண்டு வருடத்தில் முறிந்துவிட்டது. கைக்குழந்தை, அம்மா, வீட்டுச் செலவு எல்லாம் ஒருத்தர் தலையில். இந்த வேஷம் வேண்டாம் என்று சொல்கிற சுதந்திரம் அவருக்கு எப்போது இருந்தது? ஜெமினிக்கும் சிவாஜிக்கும் இருந்தது. ஆயிரம் படத்தில் எத்தனை ஆசைப்பட்டு நடித்தது, எத்தனை வாடகைக்கு நடித்தது என்று யாராவது பிரித்துப் பார்த்ததுண்டா?

நாடகக்காரி:
சார், வாடகைக்கு நடிப்பதைக் கேவலமாகச் சொல்லாதீர்கள். நானும் வாடகைக்குத்தான் நடித்தேன். காசுக்காகப் போய் நின்ற மேடையிலும் ஒரு நாள் திடீரென்று வேஷம் பிடித்துக்கொள்ளும். எந்த நாள் என்று முன்னாலே தெரியாது, அதனால் எல்லா நாளும் போக வேண்டியிருக்கிறது. அவர் ஆயிரம் படத்துக்குப் போனதை நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஆயிரமும் நல்ல படம் என்று நான் சொல்லவில்லை. போகாமல் இருந்திருந்தால் ஜில்ஜில்லும் கண்ணம்மாவும் பேபியம்மாவும் எந்த வாசல் வழியாக வந்திருப்பார்கள்?

வேஷம் வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் இல்லை என்பதை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். அதில் உங்கள் பக்கம்தான் நான்.

இடைவேளை:
அது போதும் எனக்கு. மற்றதில் நீங்கள் என்னை மாற்றவில்லை, நானும் உங்களை மாற்றவில்லை. ஒரு உதவி செய்யுங்கள். வரும் விடுமுறையில் மகளை உட்கார வைத்துக் காட்ட நாலு படம் சொல்லுங்கள். ‘சின்ன கவுண்டர்’ வேண்டாம்.

நாடகக்காரி:
‘தில்லானா’ முதலில். ‘நடிகன்’ அப்புறம். சிரித்து முடித்ததும் முதல் மரியாதை கேள்வியை அவளிடமே கேளுங்கள்.

ரீல்பெட்டி:
‘அபூர்வ சகோதரர்கள்’ முனியம்மாவை விட்டுவிட்டீர்களே! ராஜாவை வளர்த்த அம்மா. கமல் மூணு பேராக வந்து கண்ணைப் பறிக்கிற படத்தில் பக்கத்தில் நின்று ஈடு கொடுத்திருப்பார்.

கணக்குப்பிள்ளை:
படம் பார்க்கப் பொறுமை இல்லை என்றால் பாட்டுப் போடுங்கள். ‘மே மாதம்’ படத்தில் ரஹ்மான் இசையில் மெட்ராஸைச் சுத்திப் பார்க்கும் பாட்டு, 1994. 57 வயதில் பாடியது. ‘வா வாத்தியாரே’வையும் அதையும் அடுத்தடுத்துப் போட்டால் 26 வருட இடைவெளி தெரிகிறதா என்று கேளுங்கள்.

பின்வரிசை:
எல்லோரும் பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு மூன்று மணி நேரப் படமாகவே பட்டியல் தருகிறீர்கள். ‘தில்லானா’வை முதலில் போட்டால் முதல் கச்சேரியிலேயே போனை எடுத்துவிடுவாள் சார். ‘பாட்டி சொல்லைத் தட்டாதே’யில் ஆரம்பியுங்கள். அந்தக் கார் தானாக ஓட ஆரம்பித்ததும் உட்கார்ந்துவிடுவாள், அப்புறம் பாட்டி பார்த்துக்கொள்வார்.

செட்டிநாட்டான்:
தம்பி சொன்ன வரிசைதான் சரி. அப்புறம் சார், பாப்பாவிடம் பாட்டி என்று சொல்ல வேண்டாம், ஆச்சி என்று சொல்லிக்கொடுங்கள்.